கூலித் தொழிலாளர்களுக்கு அவசரச் சிறுகடன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குபவர், கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவர், புளி சீசனில் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக் கொடுக்கும் பெண், ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுபவர், ஓசூரில் ஒப்பந்தக்காரர் மூலம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் இளைஞர் ஆகிய ஐந்து பேருக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. கையில் சம்பளச் சீட்டு இல்லாததால், அல்லது இருந்தும் அது வங்கி ஏற்கும் வகையில் இல்லாததால், பத்தாயிரம் ரூபாய் அவசரமாகத் தேவைப்படும் நாளில் வங்கி வாசலை நினைக்கவே அவர்களுக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை விதித்தாலும், மாம்பழச் சீசன் முடிந்து கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளில் ஆட்களைக் குறைத்தாலும் வருமானம் நின்றுவிடும், செலவு நிற்காது.

மகளிர் குழுக்களுக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதிக் கொடுத்தபோது நான் கவனித்தது இதுதான். ஒரு மணி நேரத்தில் வரும் கடனுக்கே வட்டி மிக அதிகம். இரண்டு நாள் பொறுத்தால் வட்டி பாதியாகும். ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் அதிலும் பாதியாகக் குறையும். ஆகவே, அந்த இரண்டு நாளைச் சம்பாதித்துக்கொள்வது எப்படி என்பதைச் சுற்றியே இந்த வழிகாட்டி அமைந்திருக்கிறது.

முன் ஏற்பாடு: அவசரம் இல்லாத நாளில் செய்ய வேண்டியவை

ஆதார் அட்டையில் இருக்கும் பெயரும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருப்பதாலும், பழைய கைப்பேசி எண்ணே ஆதாரில் நிற்பதாலும் அவசர நாளில் அலைக்கழிக்கப்பட்டவர்கள் ஏராளம். குடும்ப அட்டை, வருமானச் சான்று, நலவாரிய அட்டை ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஏனெனில் மருத்துவமனையில் படுத்திருப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

அடுத்து, மூன்று உறுப்பினர் பதிவுகளை முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் ஊருக்குரிய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராவது. இரண்டு, தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களில் உங்கள் தொழிலுக்கு உரியதில் பதிவது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் தனி வாரியமே இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் இதில் பதியலாம். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால், உதவி கேட்கும் நாளில் அட்டை வெறும் காகிதமாகிவிடும். மூன்று, பெண்களாக இருந்தால் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்வது. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பமே.

முதல் படி: தேவையின் பெயரையும் தொகையையும் எழுதுதல்

'பணம் வேண்டும்' என்று கிளம்புவதற்கு முன், எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வருமானத்திலிருந்து திருப்பப் போகிறோம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏழாயிரம் தேவைப்படும் இடத்தில், 'எடுத்ததுதான் எடுக்கிறோம், பத்தாக எடுத்துவிடலாம்' என்று எண்ணுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அந்த மூவாயிரம் வீட்டுக்கு வந்த வாரமே கரைந்துவிடும், அதற்கான தவணை மட்டும் ஆறு மாதம் நிற்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில் முடிகிற தேவைக்குச் சொந்தக்காரரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கைமாற்று வாங்குவதே மேல். அதையும் சொன்ன நாளில் திருப்பித் தருபவருக்குத்தான் மறுமுறை கிடைக்கும்.

இரண்டாம் படி: கடனாகாத பணம் கிடைக்குமா என்று பார்த்தல்

என் அனுபவத்தில் அவசரக் கடன்களில் பெரும்பகுதி மருத்துவச் செலவுக்காகவே வாங்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கட்டணமில்லா மருத்துவம் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் இது பொருந்தாது. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிந்துகொள்ளலாம். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் 'இந்தச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் வருமா?' என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நகையை அடகு வைத்துவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

சாலை விபத்தாக இருந்தால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். சேலம்–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை நடுவே ஓடும் நம் இரு மாவட்டங்களிலும் இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஓசூர், பர்கூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், தங்கள் பெயரில் வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. காப்பீடும் பிடிக்கப்படுகின்றனவா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டறிய வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, தகுதிக்கேற்ப, கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து நோய்ச் செலவுக்கு எடுக்கும் முன்பணம் உங்கள் சொந்தப் பணம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆதாரும் வங்கிக் கணக்கும் வைப்பு நிதிக் கணக்கு எண்ணுடன் இணைந்திருந்தால்தான் விரைவில் வரும்.

நலவாரிய உறுப்பினருக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, இயற்கை மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. இது உடனடியாக வராது. ஆயினும், கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தாலும் கடனை அடைக்க உதவும். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு என்பதால், தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள்.

மூன்றாம் படி: வட்டியைக் கணக்குப் போடுதல்

வட்டியை நாம் ரூபாயில் பேசுகிறோம், வங்கி சதவீதத்தில் பேசுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க, மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 5 ரூபாய் என்றால் 60 சதவீதம். 20,000 ரூபாயை மூன்று மாதத்துக்கு 5 ரூபாய் வட்டியில் வாங்கினால் வட்டி மட்டும் 3,000 ரூபாய். அதே தொகைக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடன் கிடைத்தால், மூன்று மாத வட்டி 500 ரூபாய்.

தண்டல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '10,000 ரூபாய், நாளுக்கு 100, நூறு நாள்' என்று சொல்லி 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், நூறு நாளுக்கும் முழுத் தொகை உங்கள் கையில் இருப்பதே இல்லை. அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 78 சதவீதம். கையில் 8,500 மட்டும் கொடுத்தால் அது சுமார் 120 சதவீதமாகிறது. தவணைக் கடன்களில் 'பிளாட் வட்டி 12 சதவீதம்' என்று, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவதும் இதே வகைதான். ஓராண்டு மாதத் தவணையில் அதன் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் வரும். ஆகவே, 'கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, எத்தனை நாளில்' என்ற மூன்று கேள்விகளை எந்தக் கடனுக்கும் கேட்டேயாக வேண்டும்.

நான்காம் படி: எங்கே கேட்பது

நகை இருந்தால், அது கால் பவுன் தோடாக இருந்தாலும், நகைக்கடனே முதல் வழி. வருமானச் சான்று பெரிதாகக் கேட்கப்படாத, அன்றே முடியக்கூடிய கடன் இது. கூட்டுறவுச் சங்கம், தருமபுரி மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் கிளை (2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்னும் இரு மாவட்டங்களுக்கும் இதுவே), தமிழ்நாடு கிராம வங்கி, அரசுடைமை வங்கிகள், தனியார் நகைக்கடன் நிறுவனங்கள், உரிமம் பெற்ற அடகுக்கடை என்ற வரிசையில் விசாரிப்பது பொதுவாக நல்லது. தனியார் நிறுவனத்தில் பத்து நிமிடத்தில் பணம் கிடைக்கும். ஆனால் கிராமுக்கு அதிகம் தரும் திட்டத்துக்கு வட்டியும் அதிகம் என்பதை அங்கே தொங்கும் விளம்பரப் பலகை சொல்லாது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய நகைக்கடன் விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவற்றின்படி 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனானால், அதுவரை சேரும் வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். நகையை உரசிப் பார்க்கும்போதும் எடை போடும்போதும் நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். மொத்த எடை, கல் கழித்த எடை, தரம் ஆகியவை எழுதிய சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். கடனை முழுவதும் அடைத்த பின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தராமல், தவறு அவர்கள் பக்கம் இருந்தால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வட்டியைக்கூடக் கட்டாமல் ஆண்டை ஓட்டி, ஏல அறிவிப்பு வந்த பின் தண்டலில் வாங்கி நகையை மீட்பது மிக மோசமான முடிவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைக் கட்டி வந்தால் மீட்பது எளிது.

நகை இல்லாத பெண்களுக்கு மகளிர் குழுவின் உள்கடனே சிறந்த வழி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அப்போது பிரிக்கப்படாதிருந்த தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கப்படும் இந்தக் கடனுக்கு வட்டியைக் குழுவே முடிவு செய்கிறது. நூற்றுக்கு மாதம் ஒன்று அல்லது இரண்டு ரூபாய் என்பது வழக்கம். அந்த வட்டியும் குழு நிதியிலேயே சேர்வதால், ஒரு பங்கு உங்களுக்கே திரும்புகிறது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பணம் எடுக்கத் தீர்மானம் எழுத வேண்டும், பொறுப்பாளர்கள் வங்கிக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் வேலைக்காகப் பெங்களூருக்குப் போயிருந்தால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே மருத்துவத்துக்கும் இறப்புக்கும் இவ்வளவு தொகை வரை, அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வைப்பது நல்லது. நான் கணக்கு எழுதிய குழுக்களில் அப்படி எழுதி வைத்திருந்தவை இரண்டுதான். அந்த இரண்டின் உறுப்பினர்களே தண்டல்காரரிடம் அதிகம் போகாதவர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ஊரில் 'குழு' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்கு வழங்குகிறோம். மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் சொந்தச் சேமிப்பும், சொந்த வங்கிக் கணக்கும், தீர்மானப் புத்தகமும் உண்டு. 'வாரக் குழு' என்று நாம் சொல்வதோ, நுண்கடன் நிறுவனம் கடன் கொடுப்பதற்காகச் சேர்க்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. அங்கே ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்மீது அழுத்தம் விழும். அந்தக் கடன் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்கள் பலர். ஆனால் ஒரு வாரக் குழுத் தவணையைக் கட்ட இன்னொரு வாரக் குழுவில் சேர்ந்தால், அந்த நாளிலிருந்து கணக்கு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகள் தெளிவானவை. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கப்படும் கடன் இது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டு வருமானம் 16,000 ரூபாய் என்றால் எல்லாத் தவணையும் சேர்ந்து 8,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். உங்கள் சம்மதமின்றிக் காப்பீட்டையோ வேறு பொருளையோ சேர்த்து விற்கக் கூடாது.

தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் உண்டு. 2025-இல் திருத்தப்பட்ட பின் முதல் கடன் 15,000, அதை ஒழுங்காக அடைத்தால் 25,000, அதன் பின் 50,000 ரூபாய் என்ற அளவில் அடமானமின்றிக் கிடைக்கும். நேரத்துக்குக் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. நகராட்சி அல்லது மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் தேவை. ஜன்தன் கணக்கு வைத்திருப்பவர்கள், கணக்கை ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியிருந்தால், 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் கடன் வசதி) கேட்கலாம். இது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், பெரும்பாலும் பெண்ணுக்கு முன்னுரிமையோடு தரப்படுவது. வங்கியில் வாய்மொழியாகக் கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்ற பதில் வரக்கூடும். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஒதுக்க வேண்டிய கடன்கள்

செங்கல் சூளைக்கோ, கரும்பு வெட்டுக்கோ, கல் குவாரிக்கோ ஆள் பிடிக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணம், கடன் என்ற பெயரே இல்லாமல் வரும் கடன். அதைக் கழிக்கும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது, குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டும், குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருப்பதோடு, அந்தக் கடனையே செல்லாததாக்கியிருக்கிறது. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் கொடுத்தால் மீட்டு, விடுதலைச் சான்று வழங்க வேண்டும். உடனடி நிதியுதவிக்கும் வழி உண்டு.

கைப்பேசிக் கடன் செயலிகளில் எது முறையானது என்பதற்கு ஒரு சோதனை போதும். ரிசர்வ் வங்கி விதிப்படி, செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கக் கூடாது. கேட்டால் அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். முறையான செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. 'கடன் தர முதலில் செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்' என்பது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஆறாம் படி: கையெழுத்திடும் நேரம்

வங்கியும் நிதி நிறுவனமும் கடனுக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைத் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் இது தனிநபர் கடன்கள் அனைத்துக்கும் கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளி முடித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம். வெற்றுப் புரோ நோட்டு, நிரப்பாத காசோலை, எழுதாத முத்திரைத்தாள் ஆகிய மூன்றிலும் எந்த அவசரத்திலும் கையெழுத்திடாதீர்கள். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீதோ அட்டையில் கையெழுத்தோ வாங்குங்கள்.

ஏழாம் படி: தவணை தவறும்போது

கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே, தவணை நாளுக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். வேலை நின்றதற்கான காரணத்தை எழுதிக் கொடுத்து, தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். ஒளிந்து திரிவது வசூலிக்க வருபவருக்குத்தான் வசதி. நுண்கடன் தவணையைக் குறித்த பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே போகாதபோதுதான் அவர்கள் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது.

கந்து வட்டி, தண்டல், மீட்டர் வட்டி ஆகியவற்றின் பெயரால் அதீத வட்டி வசூலிப்பது, தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். கடன் வசூலில் மிரட்டல், பின்தொடர்தல், பொருளைப் பறித்தல் போன்ற வன்செயல்களைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். ஏற்க மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். வங்கி, நிதி நிறுவனம் மீதான குறையை முதலில் அவர்களுக்கே எழுத்தில் கொடுத்து, 30 நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் கேட்டுப் புகார் பதியலாம். கூட்டுறவுச் சங்கமானால் கூட்டுறவுச் சங்கங்களின் இணைப்பதிவாளரிடம் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100. எங்கே போனாலும் கடன் அட்டை, ரசீதுகள், மிரட்டிய அழைப்புகளின் தேதியும் நேரமும் குறித்த தாள் ஆகியவற்றின் நகல்களை மட்டும் கொடுத்து, அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.